கைக்கு அடங்காத துப்பாக்கி

அந்த ரிவால்வரை யாரும் நோரீன் தலையில் கட்டவில்லை, அவளே விரும்பிக் கேட்டாள் என்றுதான் ராய்ஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். விரும்பிக் கேட்கிற பொருளா அது? ஐந்து தோட்டாவையும் போட்டுத் தூக்கினால் சோளரொட்டி சுடுகிற இரும்புச் சட்டியின் கனம் இருக்கும். மெல்வின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுகாலமாக வேடிக்கைப் பொருளாகக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பி வைப்பார்கள். அதைத்தான் ராய்ஸ் தன் மனைவிக்கு என்று வாங்கிவந்தான்.

ஆகஸ்ட் கடைசி. மேற்கே எங்கோ காடு பற்றியெரிந்து பள்ளத்தாக்கு முழுக்கப் புகை மூடியிருந்தது. புல் அறுத்தவர்கள் இருமிக்கொண்டே கட்டுக் கட்டினார்கள். ஊருக்கு வெளியே ஜல்லி வெட்டிய பழைய குழியில் நோரீன் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் அந்த இரும்பைப் பிடித்து, மரப்பெட்டியில் குத்தி வைத்திருந்த காகிதத் தட்டைக் குறிபார்த்தாள். ராய்ஸ் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து வாத்தியார் வேலை பார்த்தான். அவனுடைய வலது கை மடியில் கிடந்தது. போன இலையுதிர்காலத்தில் கரடி மென்றுபோட்ட கை அது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும்தான் சொன்னதைக் கேட்கும்.

சுட்டாள். துப்பாக்கி அவள் நெற்றியை நோக்கி எகிறியது. குழியின் மேல்விளிம்பில் மண் தெறித்தது. தட்டு அப்படியே நின்றது.

“விறைப்பாப் பிடின்னு எத்தனை தடவை சொல்றது? பயந்துகிட்டே சுட்டா அப்படித்தான் போகும்” என்றான்.

“எனக்குப் பயமில்லை. மணிக்கட்டு வலிக்குது.”

“பழகப் பழகச் சரியாயிரும்.”

“பனி உருகின நாள்ல இருந்து பழகிட்டுத்தான் இருக்கேன். நல்லா இருந்த கை கெட்டதுதான் மிச்சம். கரடி வந்து முன்னாடி நின்னா முதல் குண்டு மேகத்துக்குப் போகும். ரெண்டாவதைச் சுடறதுக்குள்ள அது என்னைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுரும்.”

“சின்னத் துப்பாக்கி வச்சிருந்தவன் கதி உன் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு. நல்லாப் பார்த்துக்கோ” என்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான்.

அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏறக்குறைய ஒரு வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் அந்தக் கை எழுந்து வந்து வாயை அடைத்துவிடுகிறது. கரடி கடித்த கையை யார்தான் எதிர்த்துப் பேசுவது? கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுபடியும் சுட்டாள். தட்டு சௌக்கியமாக இருந்தது.

ராய்ஸுக்கும் அவன் தம்பி எல்டனுக்கும் மலைமேல் வேட்டை முகாம் ஒன்று உண்டு. செப்டம்பர் பிறந்தால் ஒஹாயோவிலிருந்தும் டெக்ஸஸிலிருந்தும் எல்க் மான் சுட ஆட்கள் வருவார்கள். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஒரு பகல் முழுக்கப் போனால்தான் முகாம். வழிகாட்டுவதும், சுட்ட மானை அறுத்துக் கட்டி இறக்குவதும் ஆண்கள் வேலை. அடுப்பு நோரீனுடையது. விடிவதற்குள் எல்லோரும் மேலே போய்விட்டால் பொழுது சாயும்வரை முகாமில் அவளும், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கழியில் தொங்குகிற கறியும்தான். அந்த வாடைக்குக் கரடி வராமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் மத்தியானம் ராய்ஸ் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவான். இனி கரடி கடித்த அவன் கைக்கும் தோளுக்கும் குதிரைச் சவாரி ஆகாது. இந்த வருஷம் அவள் உயிருக்கு அவளே காவல். மிளகாய் ஸ்பிரே இடுப்பில் இருக்கும், முதலில் அதைத்தான் நீட்டுவாள். ஆனால் கூடார வாசலில் காற்று திருப்பி அடித்தால் அவள் கண்தான் எரியும். அதற்கு மேல் ஒரு துப்பாக்கி வேண்டும், அதுவும் தன் கைக்கு அடங்கிய துப்பாக்கியாக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போன வருஷம் நடந்தது ஊரறிந்த கதை. முதல் நாள் மாலை சுட்ட மானை அறுக்க மறுநாள் காலை போனான் ராய்ஸ். இரவோடு இரவாக ஒரு கரடி அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தது. புதருக்குள்ளிருந்து பாய்ந்தது. ராய்ஸ் தன் சின்ன ஒன்பது எம்எம் பிஸ்டலால் இரண்டு முறை சுட்டான். கரடிக்குக் கொசு கடித்த மாதிரிகூட இல்லை. ஆளைக் கீழே தள்ளி மென்றது. பின்னால் கழுதைகளை ஓட்டிக்கொண்டு வந்த எல்டன் கூச்சல் போட்டு அதை விரட்டினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலை முழுக்கக் கட்டோடு ராய்ஸ் சொன்னது இது. குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்பது எம்எம் என்ற பேச்சே கேலிப் பேச்சாகிவிட்டது. ஆளாளுக்குப் பெரிய ரிவால்வர் வாங்கினார்கள். தங்களுக்கு வாங்கியது போதாதென்று மனைவிமார்களுக்கும் வாங்கினார்கள்.

அப்படி வாங்கிக்கொண்டவர்களில் வில்மாவும் ஒருத்தி. பக்கத்து முகாம்காரன் காஸின் மனைவி, நோரீனைப் போலவே மலையில் சமைக்கிறவள். நோரீன் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகாமுக்குக் கொண்டுபோக வேண்டிய பீன்ஸையும் காப்பிப் பொடியையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். புருவத்துக்கு மேல் தையல் போட்ட காயம் இருந்தது. யார் அடித்தது என்று நோரீன் கேட்கவில்லை. பார்த்ததுமே புரிந்தது.

“ஒரே ஒரு குண்டுதான் சுட்டேன். நெத்தியில வந்து முட்டுச்சு. காஸ் சிரிக்கிறான். கரடிக்கு இதைவிட வலிக்கும்ங்கறான்” என்றாள் வில்மா.

“நீ அதை எடுத்துட்டுப் போகப்போறியா?”

“போகாம? இல்லாமப் போனா வீட்ல சண்டை. ஆனா அதைக் கட்டிக்கிட்டு மாவு பிசைய முடியுமா? குனிஞ்சா வயித்துல குத்துது, நிமிந்தா இடுப்பை இழுக்குது. கூடாரக் கம்பத்துல ஆணி அடிச்சு மாட்டிருவேன்.”

இருவரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் நோரீன் சிரித்தது அது ஒரு தடவைதான். வில்மா போன பிறகு வலித்த கையோடு காப்பி டம்ளரைத் தூக்கப் போய், பாதிக் காப்பியை மேஜையில் கொட்டினாள். துடைக்கவில்லை. கொட்டிய காப்பியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மெல்வின் கடைக்குக் கிளம்பினாள்.

மெல்வின் கடையில் துப்பாக்கியும் விற்பார்கள், தூண்டிலும் விற்பார்கள், உட்கார்ந்து காப்பி குடிக்க நாற்காலியும் உண்டு. நாற்காலிகளில் காஸும் இன்னும் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். எல்டன் ஒரு மூலையில் கயிறு பார்த்துக்கொண்டிருந்தான். ரிவால்வரைவிடக் கனம் குறைந்த, ஒன்பதைவிடப் பெரிய குண்டு போடுகிற பத்து எம்எம் பிஸ்டல் ஒன்றைக் காட்டச் சொன்னாள் நோரீன். கடையின் பின்புறச் சுவரோரம் மண் கொட்டிவைத்த இடத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றாள்.

உடனே நாற்காலிகளுக்கெல்லாம் வாய் முளைத்துவிட்டது. பிஸ்டலில் குண்டு சிக்கிக்கொள்ளும், ரிவால்வரில் சிக்காது என்றான் ஒருவன். பொம்பளைக்கு எதற்குப் பத்து, கைப்பைக்குள் வைக்கிற மாதிரி ஒன்று பார்க்கலாமே என்றான் இன்னொருவன். கரடியின் மண்டை ஓடு எத்தனை கெட்டி என்று காஸ் மேஜையைத் தட்டிக் காட்டினான். இவர்களில் ஒருவனுக்கும் அவள் கை எவ்வளவு பெரியது என்று பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கரடியை நேரில் பார்த்தவர்கள் குறைவு, கரடியைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் ஒருவர்கூட இல்லை.

நோரீன் பின்பக்கம் போய்ச் சுட்டாள். உதைத்தது, ஆனால் கைக்குள்ளேயே உதைத்தது. குழல் கொஞ்சம் மேலே ஏறி, அவள் சொன்ன இடத்துக்கு இறங்கியது. அடுத்தடுத்துச் சுட்டாள். மண்ணில் குத்திய தட்டின் நடுவில் ஒரு கை அகலத்துக்குள் ஓட்டைகள் விழுந்தன. மார்பில் கட்டிக்கொள்கிற தோல் உறை ஒன்றையும் எடுத்து மாட்டிப் பார்த்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், மாவு பிசைகிற மாதிரி கையை ஆட்டினாள். எங்கும் இடிக்கவில்லை.

“எல்லாம் சரிதான் நோரீன்” என்றான் மெல்வின். “ஆனா ராய்ஸ் ரெண்டு குண்டு நேரா உள்ள விட்டும் அது அசையலை. அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கிட்டே நீ இதை வாங்கறியே, அதுதான் எனக்குப் புரியலை.”

“சரியாக் கேட்டே” என்றான் காஸ். “புருஷன் பட்டது பத்தாதா?”

அவள் பணத்தை மேஜையில் வைத்து, பிஸ்டலையும் உறையையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திய வேகத்தில் கடையின் மணி அறுந்து விழுந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டிக்குள் ஏறிச் சாவியைப் போடும்போது ஜன்னல் ஓரமாக எல்டன் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அண்ணி, அந்தப் பத்து எம்எம் நல்ல துப்பாக்கி. அதையே வச்சுக்குங்க.”

“அதைக் கடைக்குள்ளயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?”

எல்டன் தொப்பியின் விளிம்பைத் திருகினான். அவன் அப்படித் திருகி அவள் பார்த்ததில்லை.

“அண்ணன் சுடவே இல்லை அண்ணி.”

பிறகு சொல்லிக்கொண்டே போனான். மான் அறுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். குனிந்து அறுக்கும்போது துப்பாக்கி இடுப்பில் குத்துகிறது என்று குதிரையிலிருந்து இறங்கியதும் பெல்ட்டோடு கழற்றி, சேணத்தின் முன்கொம்பில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்கள். ராய்ஸும் அதைத்தான் செய்தான். குதிரைக்குக் கரடி வாடை அடித்ததும் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு துப்பாக்கியோடு ஓடிவிட்டது. கூட வந்த ஒஹாயோக்காரர் குதிரையை விட்டு இறங்கியிருக்கவில்லை. அது அவரையும் அவர் ரைஃபிளையும் சுமந்துகொண்டு ஓடியது. ஓடிவந்ததைச் சொல்ல அவருக்கும் விருப்பமில்லை. ராய்ஸ் கையில் மிஞ்சியது தோல் உரிக்கிற கத்தி. எல்டன் கழுதைகளோடு ஏறும்போது எதிரே வந்தது ஆளில்லாத குதிரை, கொம்பில் ஆடிக்கொண்டிருந்த பெல்ட், உறைக்குள் பத்திரமாக இருந்த பிஸ்டல்.

“ஏன்டா என்கிட்ட சொல்லலை?”

“முகமெல்லாம் கட்டுப் போட்டுக்கிட்டு, சொல்லிராதடான்னு கேட்டாரு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“என் கையைப் பாரு. வில்மா நெத்தியைப் பார்த்தியா? அவ அந்த இரும்பைக் கம்பத்துல மாட்டி வைக்கப்போறா. கனமா வாங்கு, இன்னும் கனமா வாங்குன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. அவ்வளவு கனத்தை எவன்டா நாளெல்லாம் உடம்புல கட்டிட்டுத் திரிவான்? கழட்டித்தான் மாட்டுவான். அண்ணனும் தம்பியுமாச் சேர்ந்து எல்லாரையும் கரடிக்கு ஊட்டிவிடப் பார்த்தீங்க.”

அவள் வண்டியை எடுத்த வேகத்தில் கிளம்பிய புழுதி எல்டன் மேல் முழுக்கப் படிந்தது.

வீட்டுக்குப் பின்னால் சேணம் வைக்கிற கொட்டகையில் ராய்ஸ் இடது கையால் தோல்வாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். முழங்கால்களுக்கு நடுவே வாரை இடுக்கிக்கொண்டு செய்கிற வேலை, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். வேறொரு நாளாக இருந்தால் நோரீன் போய் மறுமுனையைப் பிடித்திருப்பாள். அன்று வாசலிலேயே நின்றாள்.

“மெல்வின் போன் பண்ணான்” என்றான் ராய்ஸ், தலையைத் தூக்காமல். “பத்து எம்எம் எடுத்தியாமே. நாளைக்குத் திருப்பிக் குடுத்துரு.”

“நீ எத்தனை குண்டு சுட்டே ராய்ஸ்?”

எண்ணெய்த் துணி நின்றது.

“ரெண்டு.”

“எதை வச்சுச் சுட்டே? துப்பாக்கி குதிரையோட போன பிறகு விரலை நீட்டிச் சுட்டியா?”

வெளியே கழுதை ஒன்று தொட்டியை உதைத்தது.

“எல்டன் சொல்லிட்டானா?”

“எவனோ சொன்னான். நீ சொல்லலை. பக்கத்துல படுத்திருக்கியே, ஒரு நாளாவது சொல்லத் தோணுச்சா?”

“உனக்கு என்ன தெரியும் நோரீன்? வருஷா வருஷம் வெளியூர்க்காரனுங்களை நிக்க வச்சு, துப்பாக்கி உடம்புல இருக்கணும்னு வகுப்பு எடுக்கறவன் நான். அதே தப்பை நானே பண்ணேன்னு எந்த வாயால சொல்றது? கரடி கடிச்சுதுன்னா பாவம்பாங்க. குதிரை துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடுச்சுன்னா சிரிப்பாங்க. கைதான் போச்சு. மானமும் போகணுமா?”

“உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது. அதுக்கு நான் சாகணும். அப்படித்தானே?”

“நான் அப்படிச் சொன்னேனா? பெரிய துப்பாக்கி இருந்தா உனக்குப் பாதுகாப்புன்னு…”

“பொய் சொல்லாதே. உன் கதைக்குப் பாதுகாப்பு. சின்னதை நான் எடுத்துட்டுப் போய் உசிரோட திரும்பி வந்துட்டேன்னா உன் கதை கந்தலாயிரும். அதுக்காகத்தானே அந்த இரும்பை என் கையில திணிச்சே? மணிக்கட்டு வீங்கி நான் ஸ்பூன் பிடிக்க முடியாம உக்காந்திருக்கேன், நீ விறைப்பாப் பிடி விறைப்பாப் பிடிங்கறே. விறைப்பாப் பிடிச்சது உன் பொய்யைத்தான்.”

ராய்ஸின் கண் கலங்கியது. தழும்பு ஓடிய கன்னத்தில் நீர் ஒரு பக்கமாகவே இறங்கியது. நோரீனுக்கு இரக்கம் வரவில்லை. வராததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

“சனிக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில விருந்து வைக்கறாங்கல்ல. எல்லா முகாம்காரனும் வருவான். எந்திரிச்சு நின்னு நடந்ததைச் சொல்லு. சொல்லலைன்னா நான் மலை ஏற மாட்டேன். எல்டன் ரொட்டி சுடட்டும், தின்னுட்டு டெக்ஸஸ்காரனுங்க திரும்பி ஓடட்டும்.”

வேட்டை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீளமேஜை போட்டு, காலையில் மாவு அடையும் பன்றிக்கறியும் காப்பியும் போடுவது எங்கள் வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒரு முகாம்காரர் கரடிப் பேச்சு பேசுவார். ராய்ஸையே கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

அவன் எழுந்து நின்றான். வழக்கமான இடத்தில் ஆரம்பித்து, மான் கிடந்த இடம்வரை வந்து, அங்கே நின்றுவிட்டான். நோரீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் சிவந்துபோய், துப்பாக்கியைச் சேணத்தில் மாட்டியதையும் குதிரை ஓடியதையும் ஒரு மூச்சில் சொன்னான். நான் ஒரு குண்டும் சுடவில்லை என்றான். இத்தனை நாள் பொய் சொன்னேன் என்றான். உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் மெல்வின் சொன்னான்.

“சரி விடு ராய்ஸ். கையில இருந்திருந்தா மட்டும் என்ன? அந்த ஒன்பது எம்எம் என்னத்தைக் கிழிச்சிருக்கும்?”

கொல்லென்று சிரித்தார்கள், ராய்ஸைப் பார்த்து அல்ல, அந்தச் சின்னத் துப்பாக்கியை நினைத்து. ஒன்பது எம்எம் குண்டு உள்ளே போகிற ஆழம் எவ்வளவு, நாற்பத்திநாலு ரிவால்வரின் குண்டு போகிற ஆழம் எவ்வளவு என்று பின்வரிசையில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. காஸ் எழுந்துவந்து ராய்ஸின் முதுகில் தட்டினான். அடக்கமாகப் பேசுகிறான், பெண்டாட்டி சொல்லச் சொன்னதைச் சொல்கிறான் என்று காதில் விழும்படியே பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டுப் போனான். ராய்ஸ் சொன்ன பொய்யை மறுகேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்ட ஊர், உண்மையைச் சொன்னபோது காப்பிக்குச் சர்க்கரை கேட்டது. அவன் எதைக் கண்டு ஒரு வருஷம் பயந்தானோ அந்தச் சிரிப்பே அவனுக்குக் கிடைக்கவில்லை. நோரீன் திரும்பிப் பார்த்தபோது, ராய்ஸின் தாடை இறுகியிருந்தது. நெற்றி நரம்பு துடித்தது. கல்யாணமான புதிதில் எதற்கெல்லாமோ வரும் அந்தக் கோபம், கரடி கடித்த பிறகு அவனிடம் வந்ததே இல்லை.

மலை ஏறுகிற நாள் காலையில் உறைபனி விழுந்திருந்தது. மழை பெய்து புகையும் அடங்கியிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் கழுதைகளுக்குச் சுமை ஏற்றி முடித்தார்கள். நோரீன் மேல்கோட்டுக்கு மேலேயே மார்பில் பத்து எம்எம்மைக் கட்டி, கையை வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். டெக்ஸஸ்காரர்கள் மூன்று பேரும் குதிரை வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் எல்டன்தான் சனிக்கிழமை விருந்துக்குக் கூட்டிவந்திருந்தான்.

வழியனுப்ப வந்த ராய்ஸ் வரிசையாக நின்ற குதிரைகளை ஒட்டி நடந்தான். முதல் குதிரையின் சேணக்கொம்பில் புத்தம்புது ரிவால்வர் ஒன்று பெல்ட்டோடு தொங்கியது. இரண்டாவதிலும் தொங்கியது. மூன்றாவதிலும் தொங்கியது. நான்காவது எல்டனுடைய குதிரை. அதிலும் தொங்கியது.

ராய்ஸ் அங்கே நின்றான்.

“என்னடா இது?”

எல்டன் சிரிக்கப் பார்த்தான். “ஏறும்போது வயித்துல குத்துது அண்ணே. மேல போய்க் கட்டிக்கிறேன்.”

“நீதானடா என் குதிரையைப் பிடிச்சுட்டு வந்தே?”

“ஆமாண்ணே, ஆனா இங்க ஏது கரடி…”

ராய்ஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, இடது கையால் ஓங்கி அந்தக் குதிரையின் பின்தொடையில் விளாசினான். குதிரை கனைத்து எழும்பி, எல்டன் கையிலிருந்த கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சேணக்கொம்பில் துப்பாக்கி எகிறி எகிறி அடிக்க, மரங்களுக்குள் புகுந்து மறைந்தது. குளம்புச் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எல்டன் வெறும் கையோடு நின்றான். ராய்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்துக்கு நேரே முகம் வைத்தான்.

“இப்ப வந்துருச்சு. இதோ இவ்வளவு கிட்டக்க. வாய் நாத்தம்கூட அடிக்குது. என்ன பண்ணுவே? சொல்லு. எந்தத் துப்பாக்கி பெரிசுன்னு அதுகிட்ட பேசுவியா?”

டெக்ஸஸ்காரர்களில் ஒருவர் மெதுவாகத் தன் பெல்ட்டைக் கொம்பிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்ற இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்டன் சட்டையை விடுவித்துக்கொண்டு குதிரையைத் தேடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ராய்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நோரீனிடம் வந்தான். தொப்பியைத் தலையில் வைக்க இரண்டு முறை முயன்று கீழே விட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள், வைத்துவிடவில்லை.

“இப்பவாவது கோபம் போச்சா?” என்று கேட்டான்.

“போகலை” என்றாள் நோரீன். “ஒரு வருஷம் என்னை முட்டாளாக்கினே. அது சீக்கிரம் போகாது. காஸ் முகாம் நாளைக்குக் கிளம்புது. துப்பாக்கியைக் கம்பத்துல மாட்ட வில்மா ஆணியையும் சுத்தியலையும் மூட்டையில போட்டு வச்சிருப்பா. விடியறதுக்கு முன்னாடி அங்க போய் நில்லு. இங்க பண்ணதை அங்கயும் பண்ணு.”

“காஸ் என்னை அடிப்பான்.”

“அடிக்கட்டும். வாங்கிக்கோ” என்றாள். காலை அங்கவடியில் வைத்துக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து, கழுதைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.